ஓடியது தொம்மை, இளைத்தது பலவேசம்

பலவேசம் அண்ணாச்சி தமது வாடகைப் பாத்திரக் கடையில், கவிழ்த்து வைத்த அண்டாக்களுக்கும் மடக்கி வைத்த நாற்காலிகளுக்கும் நடுவே, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே மூச்சு இரைக்க ஆரம்பித்தால் நொச்சித்தருவை ஊரில் யாரும் பதற மாட்டார்கள். எதிர்த்த டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்து, "தொம்மை ஓட ஆரம்பிச்சிட்டாம் போல" என்பார். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் அண்ணாச்சியின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "இன்னைக்கு மெதுவாத்தான் ஓடுதான்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் குளுக்கோஸ் கரைப்பார், ஒருவர் பழைய கல்யாணப் பத்திரிகையால் விசிறுவார். ஓடுகிறவன் எங்கோ சென்னையிலோ அதற்கும் அப்பாலோ ஓடிக்கொண்டிருப்பான். இளைப்பு மட்டும் இங்கே வந்து இறங்கும். ஊர் என்றால் ஆயிரம் இருக்கும், ஆயிரத்தில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள்.

இது தொடங்கிய விதம் தெரியவேண்டுமானால் தருவையிலிருந்து வரவேண்டும். தருவை என்பது ஊருக்குக் கிழக்கே கிடக்கிற பரந்த பள்ளம். மழைக்காலத்தில் தண்ணீர் வந்து ஏரியாக நிற்கும். கோடையில் வற்றிச் சுட்ட அப்பளம் மாதிரி பொருக்குத் தட்டிப் பொட்டலாகிவிடும். ஏரியாக இருக்கும்போது அது கொக்குகளுக்குச் சொந்தம், பொட்டலாக இருக்கும்போது செவன் லயன்ஸ் கிரிக்கெட் கிளப்புக்குச் சொந்தம். பதினோரு பேர் ஆடுகிற ஆட்டத்தில் ஏழு சிங்கம் எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பெயர் வைத்த அன்று ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். மீதிப் பேர் வந்து சேர்வதற்குள் போர்டில் பெயிண்ட் காய்ந்துவிட்டது.

அந்தக் கிளப்புக்குக் கேப்டன் பலவேசம் அண்ணாச்சி. ஸ்டம்பு அவருடையது, பேட் அவருடையது, டோர்னமெண்ட் வைத்தால் பந்தலும் நாற்காலியும் மைக்செட்டும் அவர் கடையிலிருந்து வரும். ஆகையால் வேறு தகுதி யாரும் கேட்கவில்லை. ஆனால் மனிதர் அடிப்பார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். பந்து பௌலரின் கையை விட்டுக் கிளம்புமுன்பே அது எங்கே குத்தும் என்று அவருக்குத் தெரியும். அடித்தபிறகு ஓடுவதுதான் ஆகாத காரியம், ஏனென்றால் அவர் உடம்பு, ஓர் அண்டாவைத் தூக்கி நிறுத்தி அதற்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரியான உடம்பு. அதனால் அவருக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: பை ரன்னர். அண்ணாச்சி நின்ற இடத்தில் நின்று அடிப்பார், அவருக்குப் பதிலாக இன்னொருத்தன் ஓடுவான், ஓடினவன் பெயர் ஓரிடத்திலும் வராது, ரன் அத்தனையும் அண்ணாச்சி பெயரில் ஏறும்.

அந்த இன்னொருத்தன் தொம்மை. ஐஸ் கம்பெனியில் மீன் லாரிக்கு ஐஸ் பாளம் ஏற்றுகிற வேலை. வாரியல் குச்சி மாதிரி ஒல்லியாக இருப்பான். பேட்டிங் வராது, பௌலிங் வராது, கேட்ச் பிடிக்கப் போனால் பந்து கையை விட்டுவிட்டு மூக்கைத் தேடி வரும். ஓட்டம் ஒன்றுதான் வரும். கிளப்பில் இத்தனை வருஷம் இருந்தும் தனக்கென்று ஒரு பந்தைக்கூட அவன் சந்தித்ததில்லை. கேட்டால், "நமக்கு எதுக்குண்ணே அதெல்லாம்" என்று சிரிப்பான்.

மேலக்கரை டீமோடு ஒரு மேட்ச். கோடை முடிகிற சமயம். அண்ணாச்சி நல்ல அடியில் இருந்தார். மடைப்பக்கமாக ஒரு பந்தைத் தூக்கி அடித்தார், தொம்மை ஓடினான், பந்தை எடுக்கப் போன மேலக்கரைக்காரன் பந்தை எடுக்காமலே திரும்பி ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் தண்ணீர் ஓடி வந்தது. மேற்கே மலையில் மழை பெய்து கால்வாயில் வெள்ளம் வந்திருக்கிறது, அதை நொச்சித்தருவைக்கு யார் வந்து சொல்லப் போகிறார்கள். எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். அண்ணாச்சியை நாலு பேர் சேர்ந்து, சப்பரத்தைத் தூக்குகிற மாதிரி கரையேற்றினார்கள். ஸ்டம்பைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. அம்பயர் மைதீன் பாய் மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "ஆட்டம் முடிஞ்சுதுன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேம்ப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவரும் திரும்பவில்லை. அவரும் கரையேறினார். சாயங்காலம் ஸ்டம்புகளின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது, மறுநாள் அதுவும் தெரியவில்லை.

அந்த மறுநாள்தான், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று தொம்மை ஐஸ் கம்பெனிக்கு ஓட, கடையில் இட்லி தின்றுகொண்டிருந்த அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. தொம்மை கம்பெனி வாசலில் நின்றதும் இவருக்கு நின்றது. அடுத்த நாள் தொம்மை பஸ்ஸைப் பிடிக்க ஓடினான், அண்ணாச்சி குளிக்காமலே குளித்தவர் மாதிரி வேர்வையில் நனைந்தார். நாய் துரத்தி ஓடினான், அண்ணாச்சிக்கு விலா பிடித்துக்கொண்டது. தொம்மைக்கோ ஒரு சொட்டு வேர்வை இல்லை, ஓடி வந்து நின்றால் தூங்கி எழுந்தவன் மாதிரி நிற்கிறான்.

மைதீன் பாயின் பஞ்சர் கடையில் கூடினார்கள். பாய் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஆட்டம் நிக்கல," என்றார். "தண்ணி வந்துச்சு, அவ்வளவுதான். நான் பெயில்ஸை எடுக்கல, ஓவர் சொல்லல, அண்ணாச்சி அவுட் ஆகல. அப்ப இவன் இன்னும் அவருக்கு ரன்னரு. இவன் ஓடுத ரன்னு அவரு பேர்ல விழுதப்போ, இளைப்பு மட்டும் வேற யாரு பேர்ல விழும்? நியாயத்தச் சொல்லுங்க."

நியாயமாகத்தான் பட்டது. டீ சொன்னார்கள், குடித்தார்கள், கலைந்துபோனார்கள்.

தொம்மை ஓட்டக்காரன் ஆனது அதற்குப் பிறகு. மாவட்ட விளையாட்டுப் போட்டி நடந்த மைதானத்தில் ஜூஸ் கடைக்கு ஐஸ் இறக்கப் போனவன், பத்துப் பன்னிரண்டு பேர் மைதானத்தை வட்டம் வட்டமாகச் சுற்றி நாக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தான். இதில் என்ன கஷ்டம் என்று அவனுக்குப் புரியவில்லை. இறக்கி முடித்த கையோடு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு ஓடினான், எல்லோரையும் தாண்டினான், ஓட்டம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லாததால் மேலும் ரெண்டு சுற்று ஓடினான். அடுத்த போட்டிக்கு அவர்களே வண்டி அனுப்பிக் கூப்பிட்டார்கள். மாவட்டம் போய் மாநிலம் ஆயிற்று, லுங்கி போய் டிரவுசர் ஆயிற்று, வெறுங்கால் போய்ப் பச்சை நிற ஷூ ஆயிற்று, பயிற்சி முகாமில் சாப்பாடு போட்டு வைத்துக்கொண்டார்கள்.

அவன் ஓடுகிற நாளெல்லாம் அண்ணாச்சி கடை வாசலில் நாற்காலி விரித்தார்கள். டி.வி.யில் காட்டினாலும் காட்டாவிட்டாலும் ஊருக்குக் கவலையில்லை, அண்ணாச்சி நெஞ்சைப் பார்த்தால் போதும். மூச்சு சீராக வந்தால் தொம்மை கூட்டத்தோடு ஓடுகிறான். வேகம் பிடித்தால் முந்துகிறான். அண்ணாச்சியின் உடம்பு நாற்காலியில் இடப்பக்கம் சாய்ந்தால் வளைவில் திரும்புகிறான். வாயைப் பிளந்து கண் சொருகினால் கடைசிச் சுற்று. "முந்திட்டான்! முந்திட்டான்!" என்று வாசலில் கூச்சல் எழும். தொம்மை மெடலோடு ஊருக்கு வந்தால் முதலில் அண்ணாச்சி கழுத்தில்தான் போடுவான், ஃபிளக்ஸ் பேனரில் ரெண்டு பேர் படமும் இருக்கும், ஓடினவர், இளைத்தவர் என்று கீழே எழுதியிருக்கும்.

அண்ணாச்சிக்கு இது என்னவாக இருந்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தன்று பையன்களின் சட்டைகளைக் காவல் காத்தவர் அவர். பஸ் தவறினால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாரே தவிர ஓடமாட்டார். அப்படிப்பட்டவருக்கு இப்போது, தூத்துக்குடியைத் தாண்டிப் போயிராதவருக்கு, ஏதோ ஒரு வடக்கத்தி ஊரின் குளிர்காற்று மூக்கில் ஏறியது, மேட்டில் ஏறும்போது தொடை இறுகியது, முன்னால் ஓடுகிறவனின் முதுகை நெருங்கும்போது நெஞ்சுக்குள் ஒரு பந்து துள்ளியது. முந்துகிற அந்த ஒரு கணத்தில், நாற்காலியில் கிடந்த அந்த உடம்புக்கு எடையே இல்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் எங்கே மேலே போய்விடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருக்கும், அந்தப் பயத்துக்காகவே அவர் அடுத்த பந்தயத்துக்குக் காத்திருந்தார்.

ஆனால் நெஞ்சு என்பது வாடகைக்கு விடுகிற சாமான் இல்லை. தை மாதம் ஒரு பந்தயத்தில் தொம்மை முதலாவதாக வந்தான், இங்கே அண்ணாச்சி நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தார், உதடு நாவல் பழம் தின்ற மாதிரி நீலம் பாரித்துவிட்டது. தூத்துக்குடி டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயம் வீங்கியிருக்கிறது, இனி மாடிப்படிகூட ஏறக்கூடாது என்றார்.

"நான் எங்க டாக்டர் ஏறுதேன்? நான் உட்கார்ந்துதான் இருக்கேன். ஓடுதது வேற ஆளு."

டாக்டர் அண்ணாச்சியின் மனைவி சண்முகக்கனியைப் பார்த்தார். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்தப் பையன் ஒருநாளைக்கு எவ்வளவு ஓடலாம்னு இவங்களுக்குச் சீட்டுல எழுதிக் குடுங்க" என்றாள்.

வருகிற ஆவணியில் அகில இந்திய மாரத்தான் இருந்தது. சுற்றுச் சுற்றாக ஓடுகிற கதை இல்லை, நொச்சித்தருவையிலிருந்து திருச்செந்தூருக்குப் போய்ச் சாமி கும்பிடாமல் திரும்பி வருகிற தூரம், மூச்சுப் பிடித்து ஒரே ஓட்டம். அதில் ஜெயித்தால் வெளிநாடு. ஓடினால் அண்ணாச்சி அன்றைக்குத் தாங்கமாட்டார் என்பது ஊருக்கே தெரிந்தது.

தொம்மை செய்தி கேட்டு வந்தான். "நான் ஓடலண்ணாச்சி. பழையபடி ஐஸ் ஏத்தப் போறேன்."

"செருப்பு பிஞ்சிரும்ல," என்றார் அண்ணாச்சி. "நீ ஓடாம இருந்தா நான் மட்டும் எதுக்கு உயிரோட இருக்கேன், அண்டா விளக்கவா?"

"அப்ப அவுட் ஆகித் தொலைங்க!" என்று உள்ளேயிருந்து சண்முகக்கனி குரல் வந்தது. "கட்டுனவளுக்காக ஒரே ஒரு தடவை அவுட் ஆகுங்கன்னுதான கேக்கேன். வேற என்னத்தக் கேட்டேன், வைரத்தோடா கேட்டேன்?"

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அண்ணாச்சி அவுட் ஆனால் இளைப்பு தொம்மைக்குத் திரும்பும். இத்தனை வருஷமாகச் சொந்த மூச்சு வாங்கிப் பழகாத பையன், முதல் மைலிலேயே படுத்துவிடுவான். ஊர் ரெண்டாகப் பிரிந்தது. தாலிப் பாக்கியம் பெரிதா ஊர்ப் பேர் பெரிதா என்று டீக்கடையில் பேசினார்கள். ஆளுக்குக் கொஞ்சமாக இளைப்பைப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று சிலர் பெரிய மனதோடு வந்தார்கள். "ஒரு பேட்ஸ்மேனுக்கு ஒரு ரன்னருதான், ஒரு ரன்னருக்கு ஒரு பேட்ஸ்மேன்தான்" என்று மைதீன் பாய் அவர்களைத் திருப்பி அனுப்பினார். அவுட் ஆவதென்றாலும் வீட்டு முற்றத்தில் ஆனால் செல்லாது, நட்ட ஸ்டம்பு நட்ட இடத்தில் இருக்கிறது, தருவை வற்றவேண்டும் என்றார்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு வந்த கோடைகளில் தருவை முழுசாக வற்றவே இல்லை. இந்தக் கோடையில் சண்முகக்கனி தினமும் காலையில் கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்து வந்தாள். அவள் பார்வைக்குப் பயந்தே அது வற்றியது என்றார்கள். பங்குனியில் ஸ்டம்புகளின் தலை தெரிந்தது. சித்திரையில் இடுப்பு தெரிந்தது. வைகாசிக் கடைசியில் தரை காய்ந்தபோது ஆறு ஸ்டம்பும் பாசி பிடித்து, தலைமேல் வைத்த பெயில்ஸ் கட்டைகள்கூட விழாமல், நட்டது நட்டபடி நின்றன.

மேலக்கரைக்காரர்கள் ஒரு டெம்போவில் வந்தார்கள். ஒருவனுக்கு முடி கொட்டியிருந்தது, ஒருவன் மாமனார் ஆகியிருந்தான். தொம்மை முகாமிலிருந்து வந்து, பச்சை ஷூவோடு பழைய இடத்தில் போய் நின்றான். அண்ணாச்சி மட்டையோடு இறங்கினார். சண்முகக்கனி எல்லைக்கோட்டில் நாற்காலி போடாமல் நின்றாள்.

"சும்மா விட்டுட்டு வந்திருங்க," என்றாள். "ஒரு பந்து. ஸ்டம்புல படட்டும்."

"சரி" என்றார். அந்த நிமிஷத்தில் மனதாரத்தான் சொன்னார்.

முதல் பந்து வந்தது. மட்டையைத் தூக்கி வழிவிட வேண்டியதுதான். ஆனால் அது எங்கே குத்தும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தபிறகு கை கேட்கவில்லை, பந்து மடையைத் தாண்டிப் போனது. எல்லைக்கோட்டிலிருந்து சண்முகக்கனி ஏதோ சொன்னாள், அது மேலக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். ரெண்டாவது பந்தும் போனது. மூன்றாவதைத் தட்டிவிட்டார், தொம்மை ஓடினான், அண்ணாச்சிக்கு மூச்சு ஏறியது. ஏறியபோது அவருக்குத் தெரிந்தது, தம்மால் முடியாது. கையின் மேல் பழிபோட்டுப் பயனில்லை. இந்த மூச்சை விட்டுக்கொடுத்துவிட்டால் நாளைக் காலையில் அவர் வெறும் பாத்திரக் கடைக்காரர்.

அடுத்ததை அடித்தார், அதற்கடுத்ததை அடித்தார், உதடு நீலமாகிக்கொண்டு வந்தது, கண்ணில் மட்டும் திருவிழா லைட்டு எரிந்தது. தொம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அண்ணாச்சி ஒன்றைக் கவர் பக்கம் தள்ளிவிட்டு "ஓடு!" என்றார். தொம்மை கிளம்பினான். பாதி வழி போனான். நின்றான்.

"ஓடுல!"

தொம்மை நின்றுகொண்டிருந்தான். தேசத்திலேயே வேகமான கால் ரெண்டும் பொட்டலில் நட்ட மாதிரி நின்றன.

"ஓடுல மூதி! ரன்னரு நின்னா எனக்குத்தாம்ல அவுட்டு!"

"தெரியும் அண்ணாச்சி."

பந்தைக் கையில் எடுத்த மேலக்கரைக்காரர், அந்த மாமனார்தான், எறியாமல் தயங்கினார். இவ்வளவு பெரிய ஓட்டக்காரனை நின்ற இடத்தில் அவுட் ஆக்கினால் நாளைக்கு ஊரில் தலைகாட்ட முடியுமா?

"எறிங்க மாமா," என்றான் தொம்மை.

"வேண்டாம்!" என்று அண்ணாச்சி கத்தினார். "ஏலே, நீ தோத்துருவல! உன்னால முடியாது! இது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதுல!"

"அதான் அண்ணாச்சி. எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை மெடல் வாங்கியிருக்கேன், ஒண்ணுலயாவது நான் ஓடுனேனான்னு எனக்குத் தெரியல."

பந்து வந்து ஸ்டம்பில் அடித்தது. பாசி பிடித்த பெயில்ஸ் ரெண்டும் விழுந்தன. மைதீன் பாய் விரலைத் தூக்கினார். தூக்கின கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணாச்சியின் நெஞ்சு, யாரோ மேலே ஏறி உட்கார்ந்திருந்தவன் இறங்கிப் போன மாதிரி, லேசாகிவிட்டது. அவர் மட்டையை வீசினார், ஏசினார், சண்முகக்கனியைப் பார்த்து ஏசினார், மைதீன் பாயைப் பார்த்து ஏசினார், தொம்மையைப் பார்த்து ஏசத் திரும்பியவர் நிறுத்திக்கொண்டார். தொம்மை ரெண்டு முழங்காலையும் பிடித்துக் குனிந்திருந்தான். முதுகு ஏறி ஏறி இறங்கியது. முகத்திலிருந்து வேர்வை சொட்டி, காய்ந்த தருவையில் விழுந்தது. நிமிர்ந்தபோது அவன் கண்ணில் பயம் இருந்தது.

"அண்ணாச்சி, நெஞ்சு வெடிக்குற மாதிரி இருக்கு... இது நிக்குமா?"

"நிக்கும்," என்றார் அண்ணாச்சி. கிட்டப் போய் அவன் முதுகில் கை வைத்தார். "நிக்கும்ல. சாவுதோம்னு தோணும். சாவமாட்ட."

அப்புறம் ஆவணி வந்தது. மாரத்தான் அன்றைக்குப் பழக்கதோஷத்தில் ஊர்க்காரர்கள் கடை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். எந்தச் சானலிலும் காட்டவில்லை. எல்லோரும் அண்ணாச்சியின் நெஞ்சைப் பார்த்தார்கள். அது சீமெண்ணெய் தீர்ந்த அடுப்பு மாதிரி இருந்தது. அவர் தொண்டையைச் செருமினால்கூட, "முந்துதானோ?" என்று எட்டிப் பார்த்தார்கள். "சளிவே" என்றார். ஒருவர் வேலை இருக்கிறதென்று எழுந்தார், இன்னொருவர் பஸ் வந்துவிட்டதென்று எழுந்தார், கடைசியில் காலி நாற்காலிகளுக்கு நடுவே அண்ணாச்சியும் சண்முகக்கனியும்தான் இருந்தார்கள்.

இப்போது எங்கே ஓடிக்கொண்டிருக்கிறானோ. மேடா, பள்ளமா. முன்னால் எத்தனை முதுகு. விலா பிடித்திருக்குமே, பிடித்தால் அந்தப் பக்கத்துக் கையைத் தூக்கிவிடவேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டோமே. வெயில் இருக்கிறதா, காற்று எதிரிலா பின்னாலா. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு தரம் படுத்துவிட்டானோ என்று தோன்றி எழுந்தார், எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்தார். சண்முகக்கனி அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கறிவேப்பிலை உருவினாள்.

போன் அடித்தது. அவர்தான் எடுத்தார்.

அந்தப் பக்கம் பேச்சு வரவில்லை. கூட்டச் சத்தம் இருந்தது, யாரோ இந்தியில் கத்தினார்கள், அதற்கெல்லாம் முன்னால், காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு மூச்சு இரைத்தது. இழுத்தது, விட்டது, அடைத்துக்கொண்டது, மறுபடி இழுத்தது. "அண்..." என்று வந்து உடைந்துபோயிற்று. மறுபடியும் மூச்சு.

"யாரு, தொம்மையா?" சண்முகக்கனி கறிவேப்பிலையை விட்டுவிட்டு எழுந்தாள். "என்னவாம்? ஜெயிச்சானாமா? எத்தனையாவதுன்னு கேளுங்களேன்!"

அண்ணாச்சி கேட்கவில்லை. அவள் பக்கம் கையை மட்டும் உயர்த்தினார்.

"இரும்மா," என்றார். "ஓடிட்டு வந்திருக்கான். மூச்சு வாங்கட்டும்."